மஞ்சள் வீடும் தண்ணீர்த் தொட்டியும்

நடந்தவை, நடந்த வரிசையில்:

1. சித்திரையில் நான் முதல்முறை காரைக்காலுக்குப் போனபோது அத்தை வீட்டின் கிழக்குச் சுவர் மஞ்சளாக இருந்தது.
2. ஆனியில் அந்தச் சுவருக்குச் சாம்பல் நிறம் அடித்தேன்.
3. ஆவணியில் தொலைபேசியில் ஒரு விஷயத்துக்குச் சரி என்று சொன்னேன். எழுதி வைக்கவில்லை.
4. ஐப்பசியில் மொட்டை மாடியில் கட்டியிருந்த மஞ்சள் தார்ப்பாயை அவிழ்த்து, மடித்து, சாமான் அறையில் வைத்தேன்.
5. மறுநாள் காலை சேகர் அண்ணனின் படகு கல்லில் மோதியது.
6. தையில் சுவர் மறுபடி மஞ்சளானது.

முதலாவதுக்கும் ஐந்தாவதுக்கும் என்ன தொடர்பு என்பது, ஐந்தாவது நடந்து சில நிமிடங்கள் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது. அந்தக் கரையில் மற்ற எல்லோருக்கும் முன்பே தெரியும்.

நான் கோயம்புத்தூரில் பெயிண்ட் தயாரிக்கும் நிறுவனம் ஒன்றின் சோதனைப் பிரிவில் இருக்கிறேன். பெயிண்ட் பூசிய இரும்பு எப்போது, எங்கிருந்து துருப்பிடிக்கத் தொடங்குகிறது என்று பார்ப்பது என் வேலை. கோயம்புத்தூர்க் காற்றில் இரும்பு சோம்பேறி. அப்பாவின் அக்காவுக்கு, அதாவது என் அத்தைக்கு, காரைக்காலில் கோட்டுச்சேரிமேட்டுக்கு வடக்கே கடலோரம் ஒரு வீடு இருக்கிறது. மாமா பிரான்ஸில் வேலை பார்த்த காலத்தில், விடுமுறைக்கு வந்து தங்குவதற்காகக் கட்டியது. மாமா இப்போது இல்லை. அத்தை மகளோடு பிரான்ஸிலேயே இருக்கிறார். வீடு வருடத்தில் பாதிக்கு மேல் பூட்டியே கிடக்கும். அதன் மாடியில் பன்னிரண்டு தகடுகளை ஒரு வருடம் உப்புக் காற்றில் வைப்பது, பருவத்துக்கு ஒருமுறை போய்ப் பார்ப்பது, பதிலுக்கு வீட்டைக் கவனித்துக்கொள்வது என்று அத்தையோடு ஏற்பாடு.

சித்திரையில் போன முதல் நாள் சனிக்கிழமை. திருநள்ளாறுக் கூட்டத்தோடு பஸ்ஸில் நின்றேன். தகடுகள் இருந்த பையை நடத்துநரால் காலால் நகர்த்த முடியவில்லை.

“என்னம்மா உள்ள, அம்மிக்கல்லா?”

“இரும்புத் தகடுங்க.”

“எதுக்கு?”

“துருப்பிடிக்குதான்னு பாக்க.”

அவர் பஸ் முழுக்கக் கேட்கும்படி சொன்னார்: “துருப்பிடிக்குதான்னு பாக்க கோயம்புத்தூர்லேருந்து இரும்பு கொண்டாந்திருக்காங்க. நம்ம பஸ்ஸைப் பாத்திருந்தா வந்த வேலை முடிஞ்சிருக்கும்.”

எனக்குப் பக்கத்தில் நின்ற அம்மா சிரிக்கவில்லை. சனி பகவானுக்கு இரும்புதான் உகந்தது என்று சொல்லி, குனிந்து பையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அடுத்த அரை மணியில் டயர் பஞ்சரானது. சாலையோரம் நுங்கு விற்றுக்கொண்டிருந்தார்கள். நடத்துநர் எனக்கும் ஒன்று வாங்கிக் கொடுத்து, “இரும்பைப் பழிச்சேன், உடனே குடுத்துட்டான் பாருங்க” என்றார்.

வீடு கடலைப் பார்த்து நிற்கிறது. ஆனால் கடலைப் பார்க்க அதில் ஜன்னல் இல்லை. உப்புக் காற்று உள்ளே வரக்கூடாது என்று மாமா ஜன்னல்களை வடக்கிலும் தெற்கிலும் வைத்துவிட்டார். கிழக்கில் இருப்பது ஒரு பெரிய வெற்றுச் சுவர். கையை வைத்தால் மஞ்சள் தூள் ஒட்டியது. அதன் வயது முடிந்துவிட்டது என்று குறிப்பேட்டில் எழுதிக்கொண்டேன். வாசல் கதவுக்குப் பின்னால் அத்தை கைப்பட எழுதிய பட்டியல் ஒட்டியிருந்தது. மோட்டாரை அணைக்கவும், தேங்காய் விழும் பக்கம் வண்டி நிறுத்தாதே, குளியலறைத் தாழ்ப்பாளைத் தூக்கிப் போடவும் என்று பதினான்கு குறிப்புகள். எங்கள் குடும்பத்துக்கே பட்டியல் போடும் பழக்கம் உண்டு.

சாவி கலைச்செல்வி அக்காவிடம் இருந்தது. நாற்பது வயதிருக்கும். காலையில் மீன் கூடையோடு நெடுங்காடு பக்கம் போய் வீடு வீடாக விற்றுவிட்டு வருவார். வீட்டுக்கு யாராவது வந்தால் சமைத்துக் கொடுப்பார். அவர் கணவர் சேகர் அண்ணனுக்கு ஒரு ஃபைபர் படகு. கலை அக்காவின் தம்பி முருகனும் அவரும் சேர்ந்து கடலுக்குப் போவார்கள்.

அது மீன்பிடித் தடைக்காலம். பெரிய விசைப்படகுகள் எல்லாம் துறைமுகத்தில் கட்டிக் கிடந்தன. சிறிய படகுகள் மட்டும் போய்வந்தன. நாலு நாளும் மத்திக் குழம்புதான். “தடைக்காலத்துல மத்திதான் பாப்பா வஞ்சிரம், கண்ணை மூடிக்கிட்டுச் சாப்பிடுங்க” என்றார் கலை அக்கா. கண்ணைத் திறந்துகொண்டு சாப்பிட்டாலும் நன்றாகவே இருந்தது. கோயம்புத்தூரில் எங்களுக்குக் கிடைப்பது ஐஸில் பயணம் செய்த மீன். இங்கே மீன் அவ்வளவு தூரம் வருவதில்லை.

மாடியில் தகடுகளைக் கிழக்குப் பார்க்கச் சாய்த்துப் பொருத்திவிட்டு, காலையில் படகுகள் வருவதைப் பார்ப்பேன். எல்லாப் படகும் ஒரே இடத்தில் கரையேறின. மணல் அவ்வளவு நீளமாகக் கிடக்கும்போது ஏன் ஒரே இடம் என்று கேட்டேன்.

“கல்லு கெடக்கு பாப்பா. கடல் அரிக்குதுன்னு ஒரு காலத்துல கொட்டுன கல்லு. அப்புறம் கடலு கல்லையும் தாண்டி வந்துருச்சு. இப்ப அது தண்ணிக்குள்ள வரிசையாக் கெடக்கு. நடுவுல ஒரு வாசல் இருக்கு. அதுல நொழைஞ்சு வரணும்.”

வாசல் எங்கே இருக்கிறது என்று படகில் வருபவர்களுக்கு எப்படித் தெரியும் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் இந்தக் கட்டுரை சித்திரையோடு முடிந்திருக்கும். நாலாவது நாள் என் தலைமுடிக் கிளிப் துருப்பிடித்திருந்தது. என் தொழிலில் அது நல்ல செய்தி. திரும்பிவிட்டேன்.

ஆனியில் ஊர் வேறாக இருந்தது. தடைக்காலம் முடிந்து மீன் அங்காடி நிரம்பியிருந்தது. நிலத்திலிருந்து கச்சான் காற்று அடித்து, கடற்கரை மணலைக் கடலுக்கே திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தது. மாங்கனித் திருவிழாவுக்கு நகருக்குப் போனேன். மாடிகளில் நின்று மாம்பழங்களை இறைக்கிறார்கள். கீழே பிடிக்கிறார்கள். பழத்தைப் பிடிக்கும் திட்டம் எனக்கு இல்லை, ஆனால் பழத்துக்கு இருந்தது. தோளில் விழுந்து உடைந்தது. பக்கத்தில் இருந்தவர் என்னைப் பார்த்துப் பொறாமையோடு, “உங்களைத் தேடி வந்திருக்குங்க” என்றார். எங்கள் ஊரில் மேலிருந்து ஏதாவது விழுந்தால் முதலில் சண்டைதான் வரும்.

இந்த முறை கையில் ஒரு திட்டம் இருந்தது. எங்கள் ஆய்வகத்தில் கடலோரச் சுவர்களுக்காக ஒரு பூச்சு தயாராகியிருந்தது. உப்பு உள்ளே போகாது, பத்து வருடம் உதிராது. சோதனைக்காகச் செய்ததால் ஒரே நிறம், சாம்பல். அத்தையிடம் கேட்டேன். “நீ படிச்சவ, நல்லதாத்தான் செய்வே” என்றார்.

உருளைகளும் பிரஷ்களும் வாங்க நகரில் ஜமால் பாயின் பெயிண்ட் கடைக்குப் போனேன். வளைகுடாவில் இருபது வருடம் இருந்துவிட்டு வந்து கடை வைத்தவர். எந்த வீடு என்று கேட்டார். சொன்னேன்.

“மஞ்ச வீடா? அப்ப மஞ்சள்தானே? நம்பர் எங்கிட்டயே இருக்கு.”

“இல்லைங்க பாய், பெயிண்ட் நானே கொண்டுவந்திருக்கேன். சாம்பல்.”

“சாம்பலா?” கொஞ்சம் யோசித்தார். “அந்த வீட்டுக்கு மஞ்சளாத்தான் போவும். சரி, உங்க வீடு, உங்க இஷ்டம்.”

வியாபாரப் பேச்சு என்று எடுத்துக்கொண்டேன்.

பூச வந்த இருவரும் நெடுங்காட்டுக்காரர்கள். வயல் வேலைக்குப் போகிறவர்கள். “வாய்க்கால்ல தண்ணி வர்ற வரைக்கும் பெயிண்ட், வந்துட்டா நடவு” என்றார் மூத்தவர். கடல் அவர்களுக்கு வெறும் சத்தம். இரண்டு நாளில் சுவர் முடிந்தது. ஒரு குமிழ் இல்லை, ஒரு கோடு இல்லை. கலை அக்காவைக் கூப்பிட்டுக் காட்டினேன். கூடையை இறக்கி வைத்துவிட்டு நெடுநேரம் பார்த்தார்.

“வானம் மாதிரி இருக்கு பாப்பா.”

குறிப்பேட்டில் எழுதினேன்: கலை அக்காவுக்குப் பிடித்திருக்கிறது.

ஆவணியில் ஒருநாள் கோயம்புத்தூரில் ஆய்வக இயந்திரத்தின் இரைச்சலுக்கு நடுவே கலை அக்காவின் அழைப்பு. “மாடியில ஒரு தார்ப்பாய் கட்டிக்கட்டுமா பாப்பா? நம்ம ஆளுங்க கேக்குறாங்க.” மீன் காயவைக்க நிழல் கேட்கிறார்கள் என்று நினைத்தேன். “கட்டிக்குங்கக்கா” என்றேன். குறிப்பேடு மேசையில் இருந்தது, நான் இயந்திரத்தின் பக்கத்தில் இருந்தேன். எழுதாததை நான் மறந்துவிடுவேன். இது என்னைப் பற்றி எனக்கு நன்றாகவே தெரிந்த குறை.

ஐப்பசியில் மழையோடு போய் இறங்கினேன். ஆட்டோ, கோவில்பத்து தாண்டியதும் முழங்கால் தண்ணீரில் நின்றுவிட்டது. ஓட்டுநர் பதறவில்லை. “இங்க ரெண்டு பக்கமும் தண்ணிதாங்க. மழைக்காலத்துல நடுவுலயும் வந்துரும்” என்று சொல்லிவிட்டு, பக்கத்துக் கடையிலிருந்து இறால் வாடா வாங்கி வந்தார். அரிசிமாவில் சுட்டு, மேலே இறால் பதித்தது. மாவு மொறுமொறுப்பாகவும் இறால் மெத்தென்றும் இருந்தது. பொட்டலம் காலியானபோது ஆட்டோவும் கிளம்பிவிட்டது.

கலை அக்கா நெடுங்காட்டில் ஒரு வளைகாப்புக்குப் போயிருந்தார். சாவி வழக்கமான இடத்தில் இருந்தது. அடுப்படியில் சோறும் நண்டு ரசமும் மூடி வைத்திருந்தார். சாப்பிட்டுவிட்டு மாடிக்குப் போனேன். போனதும் எரிச்சல் வந்தது.

கைப்பிடிச் சுவரின் கிழக்குப் பக்கம் முழுக்க ஒரு பெரிய மஞ்சள் தார்ப்பாய். மூங்கில்கள் நட்டு உயரமாகக் கட்டியிருந்தார்கள். அதன் நிழல் என் தகடுகளில் பாதியின் மேல் விழுந்திருந்தது. அதிலிருந்து சொட்டிய தண்ணீர் மூன்று தகடுகளில் கோடு கோடாக இறங்கியிருந்தது. காற்று, வெயில், மழை மூன்றும் எல்லாத் தகடுக்கும் ஒரேபோலக் கிடைக்க வேண்டும். இல்லாவிட்டால் சோதனையே இல்லை. மீன் எதுவும் காய்ந்துகொண்டிருக்கவில்லை. யாரோ மறந்துவிட்டுப்போனது என்று முடிவு செய்தேன்.

அவிழ்க்க ஒரு மணி நேரம் ஆனது. பன்னிரண்டு முடிச்சுகள். ஒவ்வொன்றும் புயலுக்குக் கட்டியது போல. இவ்வளவு பலமாகக் கட்டியதை யாரும் மறந்துவிட்டுப்போக மாட்டார்கள் என்று அப்போது தோன்றியிருக்க வேண்டும். முடிச்சுகளின் நேர்த்தியை மட்டும் பாராட்டிக்கொண்டேன். தார்ப்பாயை நான்காக மடித்து, சாமான் அறையில் அலமாரியின் கீழ்த் தட்டில் வைத்து, எழுதினேன்: தார்ப்பாய் அகற்றப்பட்டது, பிற்பகல். கலை அக்கா கடைசி பஸ்ஸில் வந்து, மழையில் நேராகத் தன் வீட்டுக்குப் போயிருக்கிறார்.

காலையில் தூறல். கடலும் வானமும் ஒரே நிறம். காப்பியோடு மாடியில் நின்றேன். மீன் பிடித்துவிட்டு வந்த படகு ஒன்று கரைக்கு வராமல் வடக்கே போனது. திரும்பித் தெற்கே வந்தது. தெருவில் வீட்டு எண் தெரியாமல் அலைகிற தபால்காரர் மாதிரி இருந்தது. பிறகு அதில் ஒருவர் எழுந்து நின்று, கையை நெற்றியில் வைத்து நான் நிற்கும் திசையைப் பார்த்தார். எனக்குக் கையசைக்கத் தோன்றியது. அசைக்கவில்லை.

படகு உள்ளே திரும்பியது. ஓர் அலை தூக்கியது. இறங்கும்போது மரப்பெட்டியை மிதித்தது போல ஒரு சத்தம் கேட்டது. முன்பக்கம் மேலே எழுந்து பக்கவாட்டில் சாய்ந்தது. இரண்டு பேர் தண்ணீரில் இருந்தார்கள்.

கரையிலிருந்து ஆட்கள் கயிறோடு கடலுக்குள் ஓடினார்கள். ஒருவர் மட்டும் எதிர்த்திசையில், வீட்டை நோக்கி ஓடிவந்தார். கலை அக்கா.

“தார்ப்பாய் எங்க? பாப்பா, தார்ப்பாய் எங்க?”

நான் கீழே ஓடி எடுத்து வருவதற்குள் அவர் மாடிக்கு வந்துவிட்டார். கட்ட நேரமில்லை. ஆளுக்கு ஒரு முனையைப் பிடித்து, கைப்பிடிச் சுவருக்கு வெளியே தொங்கவிட்டோம். காற்று அதை எங்கள் மேலேயே திருப்பி அறைந்தது. மேல் முனைகளைத் தலைக்கு மேல் தூக்கி, கீழ் விளிம்பை முழங்காலால் சுவரோடு அழுத்திக்கொள்ளச் சொன்னார். அப்படியே நின்றோம்.

“யாருக்கா அது தண்ணியில?”

“அவருதான். முருகனும்.”

“நீங்க போங்கக்கா, நான் பிடிச்சுக்கறேன்.”

“ஒரு ஆளு புடிச்சா சுருண்டுக்கும். இன்னும் மூணு படகு வெளிய நிக்குது. அவரைத் தூக்க அங்க ஆளு இருக்கு பாப்பா. இதுக்கு ஆளு இல்ல.”

அவர் கடலைப் பார்க்கவில்லை. எனக்குப் பின்னால் மேற்கே ஏதோ ஒன்றைத் திரும்பித் திரும்பிப் பார்த்தார். “இன்னும் கொஞ்சம் உங்க பக்கம் நவுருங்க. போதும்.” நானும் திரும்பிப் பார்த்தேன். சவுக்குத் தோப்புக்கு அப்பால் ஊர்த் தண்ணீர்த் தொட்டி உயரமாக நின்றது. வேறு எதுவும் இல்லை. வீடு, தொட்டி. அப்போதுதான் புரிந்தது. தொட்டி மட்டும் தெரிந்தால் அது ஒரு புள்ளி. ஒரு புள்ளி வழியாக எத்தனை கோடு வேண்டுமானாலும் போகும். வாசலுக்குள் நுழைகிற கோடு ஒன்றுதான். அதற்கு இரண்டாவது புள்ளி வேண்டும். அந்தப் புள்ளியை நான் வானத்தின் நிறத்தில் பூசிவிட்டேன். அதற்குப் பதிலாக அவர்கள் கட்டியதையும் அவிழ்த்து வைத்துவிட்டேன்.

முதல் படகு வந்தது. இரண்டாவது வந்தது. மூன்றாவது தயங்கி, பின்வாங்கி, மறுபடி வந்தது. அது மணலைத் தொட்டதும் கலை அக்கா தன் முனையைக் கீழே போட்டுவிட்டு, இறங்கி ஓடினார். நான் தார்ப்பாயை மூங்கில்களில் கட்டினேன். அந்த முடிச்சுகள் எனக்கு வரவில்லை. எனக்குத் தெரிந்த முடிச்சைப் போட்டு, ஒவ்வொன்றையும் இரண்டு முறை இழுத்துப் பார்த்தேன்.

முருகனுக்குச் சிராய்ப்புகள் மட்டும். சேகர் அண்ணனுக்கு வலது காலில் முழங்காலை ஒட்டிக் கீழே எலும்பு முறிவு. படகுக்கும் கல்லுக்கும் நடுவில் கால் சிக்கிவிட்டது. மதியம் ஆஸ்பத்திரியில் கட்டிலருகே போய் நின்று, என்ன செய்தேன் என்பதை வரிசையாகச் சொன்னேன். ஆனியில் பெயிண்ட், ஆவணியில் போன், நேற்று தார்ப்பாய். அவர் முழுவதையும் கேட்டார். வலியில் முகம் வெளுத்திருந்தது.

“கண்ணுக்குத் தெரியாத பெயிண்ட் கண்டுபுடிச்சிருக்கீங்க இஞ்சினியர். பேசாம பட்டாளத்துக்கு வித்துருங்க.”

முருகன் சிரித்தார். கலை அக்கா சிரிக்கவில்லை.

“போன்ல ஜி.பி.எஸ். இருக்கே அண்ணே, அதைப் பார்த்து வர முடியாதா?”

“மீன் இருக்குற எடத்துக்குப் போவ ஜி.பி.எஸ்., கரைக்கு வர கண்ணு. அலை தூக்குற நேரத்துல போனை எந்தக் கையால புடிப்பீங்க? வாசலே ரெண்டு படகு அகலம்தான்.”

கலை அக்காவிடம் வெளியே வந்து கேட்டேன். ஆனியில் சுவரைக் காட்டியபோதே ஏன் சொல்லவில்லை?

“சொன்னேனே. வானம் மாதிரி இருக்குன்னு.”

“பிடிச்சிருக்குன்னு நினைச்சேன்க்கா.”

“வானம் மாதிரி வீடு யாருக்குப் புடிக்கும்? உங்க செவுரு. கலரை மாத்துங்கன்னு நான் எப்படிச் சொல்லுறது? சாவி வச்சிருக்கேன், வீடா வச்சிருக்கேன்? அதான் எங்களுக்குள்ளயே பேசி, தார்ப்பாய் கட்டிக்கிறோம்னு கேட்டேன். நீங்களும் சரின்னீங்க. சரின்னுட்டீங்களேன்னுதான் நிம்மதியா இருந்தேன்.”

கடைசி வாக்கியத்தை அவர் குரலை உயர்த்திச் சொல்லவில்லை. மன்னிப்புக் கேட்டேன். “அது கெடக்கட்டும், கஞ்சி வாங்கிட்டு வாங்க” என்றார். போய் வாங்கி வந்தேன்.

அத்தையை அழைத்தேன். “அய்யோ, உனக்கு நான் சொல்லலையா?” என்றார். வீடு கட்டி முடித்த வருடம் மாமா வெள்ளை அடிக்கத்தான் இருந்தாராம். பக்கத்தில் எல்லாமே வெள்ளையும் சாம்பலுமாக இருக்கிறது, கடலிலிருந்து பார்த்தால் தனியாகத் தெரிகிற மாதிரி அடியுங்கள் என்று கரைக்காரர்கள் வந்து கேட்டார்களாம். “மாமாவுக்கு மஞ்சள்னா கொஞ்சமும் புடிக்காது. உள்ள ஒக்காந்தா வெளிச் செவுரு நமக்குத் தெரியப்போவுதா, பாக்குறவங்களுக்குப் புடிச்சதை அடின்னுட்டாரு. எல்லாருக்கும் தெரிஞ்ச விஷயம்னு நான் எழுதி வைக்கல.”

பதினான்கு குறிப்புகளில் குளியலறைத் தாழ்ப்பாள் இருந்தது.

தையில் போனபோது பொங்கல் முடிந்து கரும்புச் சக்கைகள் மட்டும் தெருவில் கிடந்தன. காலையில் கடல்மேல் பனி. சேகர் அண்ணன் ஊன்றுகோலோடு வாசல்வரை நடந்தார். படகின் உடைந்த பகுதிக்கு ஊரிலேயே ஃபைபர் ஒட்டியிருந்தார்கள். அதற்கான பிசினை நான் கோயம்புத்தூரிலிருந்து அனுப்பியிருந்தேன். எஞ்சினைக் கடலிலிருந்து எடுத்துப் பிரித்துக் கழுவி ஓடவைத்திருந்தார் முருகன்.

நேராக மஞ்சளைப் பூசிவிடாமல் முதலில் சோதிப்போம் என்றேன். ஜமால் பாயிடம் போனேன். என்னைப் பார்த்ததும் கேட்காமலே டப்பாவைக் கீழே இறக்கினார். “சேகர் கால் எப்படி இருக்கு? இன்ஷா அல்லாஹ் மாசிக்குள்ள நடந்துருவாப்ல. நான் அன்னிக்கே இன்னும் அழுத்திச் சொல்லியிருக்கணும்மா. வியாபாரத்துக்குச் சொல்றேன்னு நெனைச்சுக்குவீங்கன்னு விட்டுட்டேன்.” அப்படித்தான் நினைத்தேன் என்று ஒப்புக்கொண்டேன்.

சாம்பல் சுவரில் மூன்று சதுரங்கள் பூசினோம். ஒன்று எங்கள் நிறுவனத்தின் வெளுக்காத மஞ்சள். ஒன்று பாய் கடை மஞ்சள். மூன்றாவது ஒரு ஆரஞ்சு. மறுநாள் விடிந்ததும் படகில் ஏறினேன். கரையில் நின்ற பெண்கள் வேடிக்கை பார்த்தார்கள். “வாந்தி எடுக்க பை இருக்கா?” என்று ஒருவர் கேட்க, “அவங்க பட்டியல்ல இருக்கும்” என்றார் இன்னொருவர். இருந்தது. சேகர் அண்ணன் காலை நீட்டியபடி நடுவில் உட்கார்ந்திருந்தார். நாலு பேர் தூக்கி உட்காரவைத்தார்கள். விபத்துக்குப் பிறகு அவர் படகில் ஏறியது அதுதான் முதல்முறை.

பனிக்குள் போய்த் திரும்பி நின்றோம். கடலிலிருந்து நிலம் ஒரு மெல்லிய கோடு. நான் பத்து மாதங்களாகத் தங்கிப்போகும் இடம் எது என்றே எனக்குத் தெரியவில்லை.

“எத்தனை தெரியுது, எண்ணிச் சொல்லுங்க” என்றார் முருகன்.

ஒன்றுதான் தெரிந்தது. எங்கள் நிறுவன மஞ்சள் பனியில் கரைந்துவிட்டது. ஆரஞ்சு செங்கல்லைப் போல இருண்டுவிட்டது. பாய் கடை மஞ்சள் மட்டும் நின்றது.

“இப்ப தொட்டியைப் பாருங்க. வீட்டுக்கு மேல வந்து ஒக்காந்ததும் சொல்லுங்க.”

படகு மெல்ல வடக்கே நகர்ந்தது. தொட்டி, தோப்புக்குப் பின்னால் நடந்து வருவது போல வந்தது. மஞ்சள் சதுரத்தின் தலைமேல் ஏறியது. “இப்போ” என்றேன்.

“இப்ப திரும்புனா இன்னொரு கால் போவும்” என்றார் சேகர் அண்ணன். “இன்னும் கொஞ்சம். பானை மேல பானை மாதிரி. இந்தா, இப்ப.”

முருகன் திருப்பினார். சேகர் அண்ணன் பேச்சை நிறுத்திவிட்டுப் படகின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். இரண்டு பக்கமும் அலை உடைந்து நுரைத்தது. எங்களுக்கு முன்னால் மட்டும் உடையவில்லை. கடந்து வந்து மணல் இடித்த பிறகுதான் கையை எடுத்தார்.

“வந்துட்டோம்” என்றார், யாரிடமும் என்றில்லாமல்.

இப்போதைய நிலை இது. கிழக்குச் சுவர் முழுக்கப் பாய் கடை மஞ்சள். அடியில் சாம்பல் பூச்சு இருக்கிறது. உப்பை அது தடுக்கிறது. மஞ்சள் இரண்டு வருடத்தில் வெளுக்கும், அப்போது மறுபடி பூச வேண்டும். நாள் குறித்து வைத்திருக்கிறேன். தகடுகளில் பாதியின் மேல் நிழல் விழுந்ததால் அந்த வருடத்துச் சோதனை செல்லாது என்று அலுவலகத்தில் எழுதிக் கொடுத்துவிட்டேன். புதிய தகடுகள் இப்போது தெற்கு மூலையில் இருக்கின்றன. மாசிக் கடைசியில் சேகர் அண்ணன் கடலுக்குப் போகத் தொடங்கினார். முழங்கால் முழுதாக மடங்கவில்லை, மடங்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார். படகில் இப்போது எழுந்து நின்று கரையைப் பார்ப்பவர் முருகன், சேகர் அண்ணன் உட்கார்ந்திருக்கிறார். கதவுக்குப் பின்னால் பதினைந்தாவது குறிப்பை எழுதி ஒட்டினேன்: “கிழக்குச் சுவர் மஞ்சள். மாற்ற நினைப்பவர் முதலில் சேகர் அண்ணனின் படகில் ஒருமுறை போய்வரவும்.” கலை அக்கா அதைப் படித்துப் பார்த்துவிட்டு, பேனாவை வாங்கி, கீழே தன் போன் நம்பரை எழுதினார்.